குறண்டியின் கொல்லாநோன்பு

நுழையும்முன்

மழை பொய்த்தால் மந்தையை விற்று வயிறு கழுவும் மண் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் மண். கண்மாய் வற்றினால் ஊர் கூடி மீன் பிடிக்கும். குலதெய்வத்திற்குக் கிடாய் வெட்டும். இதே மண்ணில்தான் எறும்பையும் மிதிக்க அஞ்சிய துறவியர் பலர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெரும்பள்ளி அமைத்து வாழ்ந்தனர். எவ்வுயிரையும் கொல்லாத ஒரு கூட்டம், ஆடும் மீனும் உண்டு வாழும் மக்களின் நடுவே எவ்வாறு நிலைபெற்றது? கல்வெட்டுகளும் காப்பியங்களும் இவ்வினாவிற்குத் தரும் விடையை ஆராய்கிறது இப்பாடம்.

வெண்புநாட்டுக் குறண்டி

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் வழியில் ஆவியூரை அடுத்திருப்பது குறண்டி என்னும் சிற்றூர். இன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்தது. முற்காலப் பாண்டியர் ஆட்சியில் இவ்வூர் வெண்புநாட்டில் அடங்கியிருந்தது. இங்கே இருந்த சமணப் பள்ளியின் பெயர் திருக்காட்டாம்பள்ளி. ஊரில் இன்று அதன் சுவடு காண்பது அரிது. அதன் புகழை அறிய மதுரைக்கு மேற்கே உள்ள கீழக்குயில்குடிச் சமணர்மலைக்குச் செல்லவேண்டும். அங்குச் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் பாறையில் புடைப்புச் சிற்பங்களாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்தில், அவ்வுருவைச் செய்வித்தவர் யார், அவருடைய ஆசிரியர் யார் என்பவை பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வாறு ஆசிரியர் வழியைச் சொல்லும்போது குறண்டியின் பெயர் வருகிறது. குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேனதேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என ஒரு மரபு தொடர்கிறது.

அட்டோபவாசி என்பது எட்டு உண்ணாநோன்புகளைக் குறிக்கும் பெயர். அவருடைய இயற்பெயரை ஊர் மறந்து, நோன்பையே பெயராக்கி அழைத்தது போலும்.

இக்கல்வெட்டுகள் கி.பி. 9, 10 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஏழாம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் சைவம் சார்ந்ததோடு தென்னாட்டில் சமணம் அழிந்துபோயிற்று என்று பலரும் எண்ணுகின்றனர். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் குறண்டிப் பள்ளி மாணாக்கர் பரம்பரையோடு விளங்கியதைப் பாறை எழுத்துகள் காட்டுகின்றன. அரசன் மதம் மாறியதால் மட்டும் மக்கள் தம் வழக்கத்தைக் கைவிடுவதில்லை.

பள்ளி என்னும் சொல்லையும் இங்கே கருதவேண்டும். துறவியர் தங்கிய இடம் பள்ளி. அங்கு அவர்கள் படுத்த கற்படுக்கையும் பள்ளி. அத்துறவியர் தம் இடத்தில் கல்வியும் புகட்டினர். பள்ளிக்கூடம் என்னும் சொல்லுக்கு இதுவே மூலம் என்பது அறிஞர் பலர் கருத்து.

ஈவோர் யார்?

சமணத் துறவி ஏரைத் தொடமாட்டார். மண்ணைக் கிளறினால் புழு சாகும். அடுப்பு மூட்டமாட்டார், தீயில் பூச்சி விழும். மழைக்காலத்தில் நான்கு திங்கள் ஊர்விட்டு ஊர் செல்லமாட்டார். ஈரநிலத்தில் சிற்றுயிர்கள் பெருகியிருக்கும். இவ்வாறு எதையும் செய்யாதிருப்பவர் உயிர் வாழ்வதற்குச் செய்கின்றவர் ஒருவர் வேண்டும். ஆகவே கொல்லாநோன்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் துறவியரின் கதையோடு நிறுத்தக்கூடாது; அவர்களுக்குச் சோறிட்டோரின் கதையையும் எழுதவேண்டும்.

அச்சோறிட்டோர் யார் யார்? மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில் தமிழி எழுத்தில் அமைந்த பழங்கல்வெட்டுகள் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொன்கொல்லன் எனக் கொடையாளரைக் குறிக்கின்றன. அறுவை என்பது துணி. நெசவால் பெயர்பெற்ற அருப்புக்கோட்டையின் மாணவருக்கு அது அந்நியமான தொழில் அன்று. கொழு என்பது ஏரின் இரும்பு முனை. மண்ணைக் கீறிப் புழுவைக் கொல்லும் கருவியை விற்றவனே, புழுவும் சாகக்கூடாது என்று வாழ்ந்தவருக்கு உறைவிடம் அமைக்க உதவினான். இதனை முரண் என்று தள்ளுவது எளிது. ஆனால் தன்னால் இயலாத ஓர் அறத்தைப் பிறர் கடைப்பிடிக்கக் கண்டு துணைநின்ற பெருந்தன்மையாக அதனைக் கொள்வதே பொருந்தும். கழுகுமலையில் திருமேனி செய்வித்தோருள்ளும் தச்சர், குயவர் போன்ற உழைக்கும் மக்கள் இருந்தனர்.

பழனிக்கு அருகில் உள்ள ஐவர்மலையில் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870 இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. சாந்திவீரக் குரவர் என்பவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, திருவமுதுக்கும் ஓர் அடிகளுக்குச் சோற்றுக்குமாக 505 காணம் பொன் கொடுத்தார் என்கிறது. ஒரே ஒரு துறவியின் உணவு அறாமல் நடக்கவேண்டும் என்பதற்கும் பொன் முதலாக வைக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. காணம் என்னும் சொல் தென்மாவட்ட மாணவருக்குப் புதிதன்று. கொள்ளுப் பயற்றை இன்றும் அங்குக் காணம் என்றே வழங்குகின்றனர்.

திருச்சுழிக்கு அண்மையில் உள்ள பள்ளிமடம் காளநாதர் கோயிலில் வேறொரு வகைக் கொடையைக் காணலாம். அது சிவன் கோயில். நந்தா விளக்கு எரிய ஆடுகள் கொடுத்த செய்தி அங்குக் கல்வெட்டில் உள்ளது. இவ்வாறு கொடுக்கப்படும் ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்பது கல்வெட்டு வழக்கு. ஆடு சாகாதா, மூப்படையாதா? சாகும், ஆயின் ஈன்ற குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் இடையர் காப்பர், நாள்தோறும் நெய் அளப்பர். வறண்ட நிலத்து உழவன் ஆட்டைத் தன் சேமிப்பாகக் கருதியதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. புலால் உண்ணாதே என்னும் அறிவுரை நஞ்சை நிலத்தைவிடப் புன்செய் நிலத்தில் கடினமானது. மழை பெய்யாத ஆண்டில் கம்பும் சோளமும் கருகும்போது உயிரோடு எஞ்சுவது ஆடு ஒன்றே. இதனை எண்ணாமல் கொல்லாமையைப் பேசுவோர் பசியை அறியாதோர்.

எது கொலை?

செடிக்கும் உயிர் உண்டே, கீரையைப் பறிப்பது கொலை ஆகாதா என்னும் வினாவை வகுப்பறைதோறும் யாரேனும் ஒருவர் எழுப்புவர். நல்ல வினா அது. சமணரே அதனை முதலில் எழுப்பியோருள் அடங்குவர். நிலம், நீர், தீ, காற்று, மரம் ஆகியவற்றிலும் உயிர் உண்டு என்பது அவர்தம் கொள்கை. உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் ஒன்று முதல் ஐந்து வரை அவர்கள் வகுத்தனர். தொல்காப்பிய மரபியலும் புல், மரம் முதலியவற்றை ஓரறிவிலும், நத்தையினத்தை ஈரறிவிலும், எறும்பை மூவறிவிலும், நண்டையும் தும்பியையும் நாலறிவிலும் வைத்து, மாந்தரை ஆறறிவுடையோராகக் காட்டுகிறது.

ஆகவே மரக்கறி உணவால் ஓர் உயிருக்கும் தீங்கில்லை என்று சமணர் கூறவில்லை. தீங்கின்றி உடம்பு நிலைக்காது. ஆதலால் இயன்றவரை குறைந்த தீங்கு என்பதே அவர்கள் கணக்கு. வலியை மிகுதியாக உணரும் உயிரை விட்டு, குறைவாக உணரும் உயிரை நாடுவது அக்கணக்கின் முதற்படி. அதனால்தான் தேனையும் விலக்கினர். ஆல், அரசு, அத்தி, இத்தி போன்ற மரங்களின் பழங்களையும் உள்ளே பூச்சி இருக்கும் என்று விலக்கினர். நீரை வடிகட்டிப் பருகினர். கதிரவன் மறைந்தபின் உண்ணாதிருந்தனர்.

இல்லறத்தாருக்கு அளவு வேறு. துறவியின் நோன்பு மாவிரதம்; இல்லறத்தாரின் நோன்பு அணுவிரதம். தீங்கினை நால்வகையாகப் பகுத்து, கொல்லும் எண்ணத்தோடு செய்வதை இல்லறத்தார் முற்றும் நீக்கவேண்டும் என்றனர். வீட்டுவேலையிலும், உழவு முதலிய தொழிலிலும், தற்காப்பிலும் நேரும் தீங்கினை முடிந்தவரை குறைத்தால் போதும். தமிழ்ச் சமணர் உழவராக வாழ முடிந்தது இப்பகுப்பினால்தான். இல்லறத்தாரின் ஒழுக்கத்தைத் தமிழில் சுருங்கக் கூறும் நூல் அருங்கலச்செப்பு.

எண்ணம் முதன்மையானது என்பதற்கு யசோதர காவியம் ஒரு கதை சொல்கிறது. தீக்கனாக் கண்ட மன்னன் யசோதரனிடம் தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். அவன் மறுக்கிறான். அவ்வாறாயின் மாவினால் செய்த கோழியையேனும் வெட்டுக என்கிறாள். தாய்சொல் தட்டாது அவன் வாளால் மாக்கோழியை வெட்டுகிறான். உயிரில்லாத அம்மாவை வெட்டிய வினைக்காகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல பிறவிகளில் பிறந்து துன்புறுகின்றனர்.

நீலகேசி வேறொன்று சொல்கிறது. பாஞ்சால நாட்டுக் காளி கோயிலுக்குப் பலியிட விலங்குகளைக் கொண்டுவந்தோரை முனிச்சந்திரர் தடுத்து, அவற்றிற்கு ஈடாக மண்ணுருக்களை வைத்து வழிபடச் செய்கிறார். சினந்த காளி பழையனூர் நீலியை ஏவ, அவளும் அம்முனிவரிடமே தெளிவு பெறுகிறாள். மாக்கோழி பாவம், மண்ணுரு பாவமில்லை. இரண்டும் உயிரற்ற உருவங்களே ஆயினும், முன்னதை வெட்டியவன் கொல்லும் செயலை மனத்தில் நடத்தினான். பின்னதை வைத்தவர் கொல்லாமல் விடுவதற்கு அதனைக் கருவியாக்கினர். கரிசல் காட்டு ஐயனார் கோயில்களில் அணிவகுத்து நிற்கும் மண்குதிரைகளைப் பார்க்கும்போது இக்கதை நினைவுக்கு வராமல் போகாது.

எண்ணாமல் நேர்ந்த தீங்கிற்குப் பொறுப்பே இல்லையா? சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலன், கண்ணகியுடன் மதுரைக்குப் புறப்படும்போது, வழியின் இடர்களைச் சொல்கிறார். கள்வரையோ புலியையோ பற்றிய அச்சமன்று அவருக்கு. நீர்க்கரையில் நடக்கையில் நண்டும் நத்தையும் அறியாமல் காலடியில் பட்டு வருந்தினால், அத்துன்பத்தைத் தாங்க முடியாது என்கிறார். இதற்கு நெருங்கிய ஒரு நிகழ்ச்சி இவ்வட்டாரத்திற்கு உரிய ஒருவர் வாழ்விலும் உண்டு. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமணர், அருணாசல மலையில் நடக்கையில் புதருக்குள் இருந்த குளவிக்கூட்டில் கால் பட்டுவிட்டது. குளவிகள் அக்காலைச் சூழ்ந்து கொட்டின. கூட்டைக் கலைத்த கால் அத்தண்டனைக்கு உரியதே என்று அவர் அசையாது நின்றார். ரமணர் சமணர் அல்லர். அறம் எச்சமயத்தார் வேலிக்குள்ளும் அடங்குவதில்லை.

வாங்குவோரும் கொல்வோரும்

நான் கொல்லவில்லை, கடையில் விற்றதை வாங்கினேன். கொன்ற பாவம் கொன்றவனுக்கு என்பது பழைய வாதம். தமிழில் இதற்கு எழுந்த மறுப்பும் பழையது. திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் அமைத்தார். முன்னதைத் துறவறவியலில் வைத்தபோதிலும் அதில் அவர் காட்டும் ஒரு காரணம் முற்றிலும் சந்தையைச் சார்ந்தது: உண்பதற்காக வாங்குவோர் இல்லாவிடின் விலைக்கு விற்போரும் இரார். விருப்பமே வாணிகத்தைப் படைக்கிறது என்னும் இக்கருத்தைப் பொருளியல் மாணவர் தேவை, அளிப்பு என்னும் சொற்களால் படிக்கின்றனர். நீலகேசியும் புலால் உண்ட பௌத்தரோடு இப்பொருள் பற்றி வாதிடுகிறாள்.

இவ்வாதத்தின் வலிமையால்தான் புலால் மறுப்பு தனிமனிதரின் நோன்பாக நில்லாமல் ஒரு கூட்டத்தின் வாழ்வாக வளர்ந்தது. ஒருவர் வாங்காதிருப்பின் சந்தை அறியாது. ஓர் ஊரே வாங்காதிருப்பின் அறியும். மேலும், விருந்திலும் திருமணத்திலும் அண்டை வீட்டாரும் அதே உணவை உண்ணும்போது நோன்பு சுமையாகத் தோன்றாது. தமிழ்ச் சமணர் இன்று பெரும்பாலும் வட மாவட்டங்களில் வாழ்கின்றனர். திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூர் மடம் அவர்களின் தலைமையிடம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, பிற மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியோரையும் சேர்த்துத் தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். இச்சிறு தொகையினர் ஈராயிரம் ஆண்டுப் பழமையான உணவு நெறியைக் கைவிடாமல் காத்ததற்குக் கூட்டு வாழ்வே காரணம்.

இதில் ஒரு வியப்பு உண்டு. தமிழர் இன்று புலால் இல்லாத உணவைச் சைவம் என்கின்றனர். சமணர் பெரிதும் வலியுறுத்திய நெறி, அவரோடு வாதிட்ட சமயத்தின் பெயரால் வழங்குகிறது. கொள்கை வென்றது, பெயர் மட்டும் கைமாறியது.

சட்டமும் நோன்பும்

தமிழ்நாட்டில் விலங்கு, பறவைகளைக் கோயில்களில் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950 இல் இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த அதனை 2003 இல் அரசு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்த முனைந்தது. சிற்றூர் மக்கள் தம் குலதெய்வ வழிபாடே தடுக்கப்பட்டதாக வருந்தினர், எதிர்ப்பு வலுத்தது. 2004 இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. முனிச்சந்திரர் மண்ணுருவைக் காட்டி இணங்கச் செய்த இடத்தில் அரசு தண்டனையைக் காட்டியது. இரண்டின் விளைவும் வேறாயிருந்ததில் வியப்பில்லை.

உணவு நெறி மேல், கீழ் என மக்களைப் பிரிக்கும் கருவியாவதையும் மறைக்க வேண்டியதில்லை. புலால் உண்போருக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று கூறும் பலகைகள் நகரங்களில் உண்டு. ஓர் ஆட்டுக்கு இரங்கும் மனம், அதனை உண்ணும் மனிதனை இழிவாக நோக்குமாயின் அவ்விரக்கத்தில் குறை உள்ளது. மனத்தாலும் சொல்லாலும் பிறரை வருத்துவதையும் இம்சை என்றே சமணம் கூறுகிறது. ஒரு பொருளைப் பல கோணங்களில் காணவேண்டும் என்னும் அநேகாந்தவாதமும் அச்சமயத்தின் கொடையே.

காந்தியடிகளின் இளமைக்கால அனுபவம் இவ்விடத்தில் பொருந்தும். 1888 இல் இலண்டன் புறப்படுமுன் பேச்சார்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில், புலால் உண்பதில்லை என்று தாய்க்கு உறுதி அளித்தார். அங்கே பசியோடு அலைந்து, மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கு வாங்கிய என்றி சால்ட்டின் சிறு நூலைப் படித்தபின்பே, தாய்க்காகக் காத்த நெறியைத் தம் விருப்பத்தால் ஏற்றார். பின்பு மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். வேறொரு பொருளில் மாறுபட்ட கருத்துடையவர் என்பதற்காக மருத்துவர் அல்லின்சனை நீக்க அக்குழு முனைந்தபோது, உணவு பற்றிய சங்கத்திற்குப் பிற கருத்துகளைப் பற்றிக் கவலை ஏன் என்று எதிர்த்தார். அல்லின்சனின் கருத்து அவருக்கு உடன்பாடானதன்று. கூச்சத்தால் தம் உரையைப் படிக்கவும் முடியவில்லை, வேறொருவர் படித்தார். அவர் பக்கம் தோற்றது.

மாதரியின் புதுக்கலங்கள்

கொல்லாநோன்பினரும் ஏனையோரும் ஒரே ஊரில் வாழ்வது எவ்வாறு என்பதைச் சிலப்பதிகாரம் ஒரு வீட்டில் வைத்துக் காட்டுகிறது. மதுரையின் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலமாகத் தருகிறார். மாதரி மாயவனை வழிபடும் ஆயர் குலத்தவள். வந்திருப்போரின் நோன்பு வேறு என்று அவள் அறிவாள். கோவலன் சாவக நோன்பி, பகலில்தான் உண்பான். ஆகவே பொழுதோடு சமைப்பதற்கு ஏற்ற நல்ல கலங்களைக் காலம் தாழ்த்தாது கொடுங்கள் என்று ஆயமகளிரிடம் கூறுகிறாள். நம் வீட்டுக் கலம் இவர்களுக்கு ஆகாதா என்று அவள் கேட்கவில்லை; மனத்தாங்கலும் கொள்ளவில்லை.

ஆயமகளிர் கலங்களோடு பலாக்காயும் வெள்ளரிக்காயும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் செந்நெல் அரிசியும் பாலும் நெய்யும் கொண்டுவந்து தருகின்றனர். மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டித் துணைநிற்கிறாள். கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்து, முகம் வியர்க்கச் சமைக்கிறாள். பனையோலைத் தடுக்கில் கோவலனை அமர்த்தி, வாழைக் குருத்தை விரித்து உணவிடுகிறாள். அவன் உண்பதைத் தாயும் மகளும் நின்று பார்க்கின்றனர். ஆயர்பாடியில் அசோதை பெற்ற நீலமேனிக் கண்ணனே இங்கு வந்து உண்கிறானோ என்று வியக்கின்றனர். அருகன் நெறி நின்றவனின் உணவில் அவர்கள் கண்டது தம் தெய்வத்தின் உணவை.

உண்டு முடித்துக் கண்ணகி தந்த வெற்றிலையைப் பெற்றுக்கொண்டு, சிலம்பில் ஒன்றை விற்றுவர எழுகிறான் கோவலன்.